'மூ' என்ற சொல்லுக்கு ஐந்து குற்றவாளிகள்

“அது மீன் பேரு.”

“மீன் இல்ல.”

“பெரிய கண்ணு, வெள்ளி உடம்பு. வறுத்தா தெரு முனை வரைக்கும் வாசம் போகும். நானே தின்னிருக்கேன். மூ.”

“நீ தின்னுட்டா ஆச்சா? எங்கப்பா சாகும்போது எதுக்கு மீன் பேரை எழுதணும்?”

“பசியா இருக்கலாம்.”

“டெஸ், வாயை மூடிட்டு சும்மா இரு.”

“அதுக்கும் மூன்னுதான் பேரு ஆன்ட்டி. உதட்டை ஒட்டிக்கிட்டு ஒரு சத்தமும் போடாம இருக்கறது. அகராதியில பாத்தேன்.”

நோஹேயா மேஜையில் அறைந்தாள். தட்டிலிருந்த மலசாடா, எண்ணெயில் பொரித்த எங்கள் சர்க்கரை உருண்டை, ஒன்று உருண்டு என் மடியில் விழுந்தது. அதை நான் வீணாக்கவில்லை.

நான் டெஸ்மண்ட் பசேகோ. ஹவாயியில் ஹிலோ ஊரில் பிறந்த போர்த்துகீசு வம்சம். எங்கள் ஆட்களுக்கு வாய் நீளம் என்று இந்தத் தீவு முழுவதும் சொல்லிச் சிரிப்பார்கள். நான் அதைப் பொய்யாக்க இதுவரை முயன்றதில்லை. என்னை அதட்டியவர் உலுவேஹி ஆன்ட்டி, என் முதலாளி. ராஜா காலத்து ஹவாயி நிலப் பத்திரங்களைப் படித்து, எந்தப் பாறை யாருடைய பாட்டனுக்குச் சொந்தம் என்று சொல்லும் வேலையில் இருபது வருஷம் இருந்தவர். பத்திரத்தில் பொய்யைக் கண்டுபிடித்துக் கண்டுபிடித்து, ஒருநாள் மனிதர்களிடமும் அதையே செய்யலாம் என்று கதவில் பெயர்ப்பலகை மாட்டிவிட்டார். துப்பறிகிறவர்களுக்குத் தொப்பியும் மழைக்கோட்டும் உண்டென்று நான் படித்த கதைகள் சொல்கின்றன. எங்கள் ஆன்ட்டிக்குப் பூப்போட்ட தொளதொள கவுனும் ரப்பர் செருப்பும்.

மேஜையில் அறைந்த நோஹேயாதான் எங்கள் கட்சிக்காரி. கைலேவா கடற்கரைக் கிராமத்தில் இது அவள் வீட்டு அடுப்படி. கடல் காற்றில் உப்பேறிய சன்னல். அதற்கு வெளியே காயப்போட்ட கருவாடு, யாரும் உள்ளே எடுக்காமல் மூன்று நாளாக ஆடிக்கொண்டிருந்தது.

ஞாயிறு சாயங்காலம் அவள் அப்பா ஹெஸெகியா, எண்பத்தொரு வயது, கடலோர எரிமலைப் பாறையில் தலை உடைந்து கிடந்தார். எப்போதும் கல் விளையாடும் இடம் அது. கையில் ஒரு வெள்ளைப் பவளக் கல். கறுப்புப் பாறையில் பவளம் சுண்ணாம்புக்கட்டி மாதிரி எழுதும். பக்கத்தில் இரண்டே ஆங்கில எழுத்து, ஒரே வார்த்தை. மூ.

மரத்தை அரிக்கும் பூச்சிக்கும் இங்கே மூ என்றுதான் பெயர். நோஹேயாவின் புருஷன் ஆர்னெல், வீடுகளுக்குக் கூடாரம் போட்டு மருந்தடித்துக் கரையான் கொல்கிற கம்பெனியில் வேலை. கிழவருக்கு மாப்பிள்ளையைப் பிடிக்காது. கல்யாணத்திலிருந்து கருமாதி வரைக்கும் சொந்தபந்தம் முழுக்க இருக்கும்போது, “என் வீட்டை அரிக்க வந்த மூ” என்று அவனைக் கூப்பிட்டவர். அதைக் கேட்டுச் சிரித்த பன்னிரண்டு பேர் இப்போது போலீசிடம் போய் அதையே சாட்சியாகச் சொல்லியிருந்தார்கள். ஆர்னெல் திங்கள்கிழமையிலிருந்து லாக்கப்பில். நாளைக் காலை பத்து மணிக்குக் கோர்ட். கொலைக் குற்றம்.

“மூன்னா ஆட்டம்,” என்றாள் நோஹேயா. குரல் கரகரத்திருந்தது. “அப்பா ஆடற கல்லாட்டம், கோனானே, அதுக்கு இன்னொரு பேரு மூ. அந்தக் கல்லுப் பலகையோட பேரே பாபாமூ. அப்பா அது மேலேயே கிடந்திருக்காரு ஆன்ட்டி. அவர்கூட உக்காந்து விளையாடினவன் யாரு? அந்த வெள்ளைக்காரன் ஹால்வர்சன். இது ஒருத்தருக்கும் புரியலையா? புழு பூச்சின்னு என் புருஷனைப் பிடிச்சு வச்சிருக்காங்க!”

“நீ விளையாடுவியா?” ஆன்ட்டி கேட்டார்.

“நானா? எனக்கு அதுக்கெல்லாம் எங்க நேரம்? வார்த்தை தெரியும். ஆட்டம் தெரியாது.”

ஆன்ட்டி போலீஸ் போட்டோவின் நகலை மேஜையில் வைத்தார். கறுப்புப் பாறை, எம், யு. எழுத்துகளின் தலைவரைக்கும்தான் படம். அதற்கு மேலே வானம்போலப் பரவிக் கிடந்தது, படம் எடுத்தவனின் கட்டைவிரல்.

“நல்ல விரல்,” என்றேன். “ரேகை பார்த்தே ஜோசியம் சொல்லலாம்.”

நோஹேயா அந்த விரலையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு தாளைக் கிழித்து அந்த வெள்ளைக்காரர் வீட்டுக்கு வழி எழுதிக் கொடுத்தாள். நான் வாங்கிப் பார்த்தேன். எழுத்துகளின் தலையிலெல்லாம் கோடு, நடுவிலெல்லாம் கொக்கி.

“என்ன இது, கொசு உக்காந்த மாதிரி?”

“அதுதான் சரியான எழுத்து,” என்றாள் எரிச்சலாக. “பதினெட்டு வருஷமா ஹவாயிப் பள்ளிக்கூடத்துல பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்கறேன். ஒரு கோடு விட்டாலும் மார்க் கிடையாது. உன்னை மாதிரி ஆளுங்களாலதான் இந்த மொழி செத்துச்சு.”

நான் அவசரமாக இன்னொரு மலசாடாவை எடுத்து வாயை அடைத்துக்கொண்டேன்.

*

எட்வின் ஹால்வர்சன் மலைச்சரிவில் காப்பித் தோட்டத்துக்கு நடுவே வாடகைக்கு இருந்தார். கதவை அரையடி மட்டும் திறந்தார்.

“நான் போலீஸ்கிட்ட பேசியாச்சு.”

“நாங்க போலீஸ் இல்ல,” என்றார் ஆன்ட்டி.

“அப்ப பேச வேண்டிய அவசியமே இல்ல.”

கதவு மூடுவதற்குள் ஆன்ட்டி கேட்டார். “பச்சீசின்னா என்ன சார்?”

கதவு நின்றது.

சிலரை அழகாலும் சிலரைப் பயத்தாலும் மடக்கலாம். மினசோட்டாவிலிருந்து வந்து பசிபிக் ஆட்டங்களின் பெயர்களைப் பற்றிப் புத்தகம் எழுதுகிற ஒருவரை மடக்க ஒரு கேள்வி போதும்.

“இருபத்தஞ்சு,” என்றார் இந்தப் பக்கம் பார்க்காமல். “சோழி உருட்டினா விழற பெரிய எண்.”

“மன்கலா?”

“அரபியில நகர்த்தறது. எதுக்குக் கேக்கறீங்க?”

“கோனானே?”

“நிலா வெளிச்சம். அது உங்களுக்கே தெரியும். என்னைச் சோதிக்கறீங்களா?”

“கடைசியா ஒண்ணு. மூ?”

அவர் முகம் சிவந்தது. உள்ளே போனார். கதவைச் சாத்தவில்லை, அதனால் நாங்களும் போனோம். மேஜை முழுக்க நோட்டுகள். திறந்திருந்த பக்கத்திலும் நோஹேயாவின் சீட்டு மாதிரியே கோடும் கொக்கியும். கொசுக்கள் இங்கேயும் குடியேறியிருந்தன.

“ஆட்டத்தோட பேரு பொய் சொல்லாதுங்க,” என்றார் ஹால்வர்சன். “ஆடறவங்க எதை எண்ணினாங்க, எதைப் பார்த்துப் பயந்தாங்க, எல்லாம் அதுல இருக்கும். மூன்னு ஒரு ஆட்டம் நியூசிலாந்துலேயும் இருக்கு. வெள்ளைக்கார மாலுமிங்க கட்டம் போட்டு விளையாடும்போது 'மூவ், மூவ்'னு கத்துவாங்க இல்ல, அதைக் கேட்டு வந்த பேருன்னு அங்க ஒரு கட்சி உண்டு. இங்கேயும் அப்படி இருக்கலாமேன்னு ஞாயித்துக்கிழமை அவர்கிட்ட சொன்னேன்.”

“அவர் என்ன சொன்னார்?”

“உங்க மாலுமி வர்ற வரைக்கும் எங்க பாட்டன் ஊமையாவா விளையாடினான்னு கேட்டார்.”

நான் சிரித்துவிட்டேன். இரண்டு பேரும் என்னை முறைத்தார்கள்.

“அப்புறம்?”

“என் தொப்பியைக் கடல்ல வீசினார். மூணு மணிக்கே எந்திரிச்சுப் போன்னார். வந்துட்டேன்.”

“தள்ளிவிடலையா?”

“வெளியே போங்க.”

“போறோம். எந்திரிச்சு வரும்போது ஆட்டம் எதுவரைக்கும் வந்திருந்தது?”

அவருக்கு ஆன்ட்டியை அடிக்க வேண்டும்போல இருந்தது. ஆனால் கேள்வி ஆட்டத்தைப் பற்றியது, பதில் சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. “ஆரம்பிக்கவே இல்ல. பலகை நிறைய கல்லு. நடுவுலேர்ந்து அவர் ஒரு கறுப்பை எடுத்தார். அதுக்குப் பக்கத்துலேர்ந்து நான் ஒரு வெள்ளையை எடுத்தேன். அப்பதான் அந்த மாலுமி விஷயத்தைச் சொன்னேன்.” கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். “மூணு வருஷமா வாரத்துல நாலு நாள் அவர்கூட விளையாடினேன். இந்த ஊர்ல வேற யாரும் என்கூட ஒரு கிளாஸ் தண்ணி குடிச்சதில்ல. அவரோட சாவுக்குக்கூட என்னை உள்ளே விடல. இதையும் எழுதிக்கோங்க.”

கதவு இந்த முறை முழுசாக மூடிக்கொண்டது.

“இவன்தான்,” என்றேன் வண்டியில் ஏறியதும். “சண்டை போட்டிருக்கான், கோபக்காரன், மூணு மணிக்குக் கடைசியா பார்த்தவன். நோஹேயா சொன்னது சரி. மூன்னா ஆட்டம்.”

“மூன்னா ஆட்டம்தான்,” என்றார் ஆன்ட்டி. “அதுல எனக்குச் சந்தேகமே இல்ல.”

அதை அவர் வருத்தமாகச் சொன்னார்.

*

பாறைக்குப் போகிற வழியை ஒரு நாற்காலி மறித்துக்கொண்டிருந்தது. நாற்காலியில் வெண்டெல். நோஹேயாவின் அண்ணன். சிறைக் காவலனாக இருந்து ஓய்வு பெற்றவன். உடம்பு மட்டும் இன்னும் வேலையில் இருந்தது.

“வந்துட்டாங்கடா துப்பறியும் ராணி. பின்னாலேயே போர்த்துகீசு ரேடியோ. கரையானுக்கு வக்கீலா?”

“உங்கப்பா எழுதினதைப் பாக்கணும் வெண்டெல்.”

“நாளைக்கு யுனிவர்சிட்டியிலேர்ந்து ஒரு பெரிய பண்டிதரைப் போலீஸ் கூட்டிட்டு வருது. அவர் பாப்பாரு. அதுவரைக்கும் ஒரு கொசு உள்ளே போகாது. நோஹேயாவையே நான் விடல.”

“ஏன்?”

“புருஷனுக்காக அழிச்சிடுவா. அதான்.”

ஆன்ட்டி கடலைப் பார்த்தார். “பண்டிதர் வந்தா முதல்ல என்ன சொல்லுவார் தெரியுமா? மூன்னா பழைய காலத்துல பலிக்கு ஆள் பிடிக்கறவன். ராஜா யாரைச் சொல்றாரோ அவனைக் கழுத்துல பிடிச்சு இழுத்துட்டு வர்றவன். அழுத பிள்ளைங்களை 'மூ வந்துடுவான்'னு பயமுறுத்துவாங்க. உங்க குடும்பத்துல சம்பளம் வாங்கிட்டு ஆள் பிடிச்சவன் யாருன்னு நான் யோசிக்கறேன்.”

வெண்டெலின் நாற்காலி கிரீச்சிட்டது.

“என்னையா சொல்றே?”

“நான் சொல்லல. பண்டிதர் சொல்லுவார். அதுக்கு முன்னாடி நான் பாத்து வேற ஏதாவது கண்டுபிடிச்சா உனக்குத்தான் நல்லது.”

அவன் எழுந்தான். ஒரு கணம் எங்களைக் கடலில் தூக்கிப் போடப் போகிறான் என்றே நினைத்தேன். நீச்சல் தெரியுமா என்று மனசுக்குள் சரிபார்த்துக்கொண்டேன். அவன் நாற்காலியை ஓரமாக உதைத்தான்.

“பத்து நிமிஷம். தொட்டா கையை உடைப்பேன். நான் படகுலேர்ந்து பாத்துட்டே இருப்பேன்.”

கிழவரின் படகு பக்கத்துச் சரிவில் ஏற்றி வைத்திருந்தது. பழைய நீலப் பெயின்ட். முன்பக்கத்தில் அவர் கையால் பெரிய எழுத்தில் மாலமா என்று எழுதியிருந்தது. பத்திரமாய்ப் பார்த்துக்கொள் என்று அர்த்தம், அதுவரைக்கும் எனக்கும் தெரியும். பாறையின் ஆரம்பத்தில் ஒரு ஒட்டுப்பலகை நட்டு, அதே கையெழுத்தில் ஒரு அறிவிப்பு. கோனானே ஆடும் இடம், செருப்பைக் கழற்று. ஆன்ட்டி செருப்பைக் கழற்றினார். செத்தவர் சொல்லையும் தட்டாத ஆள். படகின் பெயரையும் அறிவிப்பையும் வெகுநேரம் படித்தார். எனக்குத் தெரிந்து அதில் படிக்க அவ்வளவு இல்லை.

ஆட்டப் பலகையும் அந்த மூ எழுத்தும் ஒரு பெரிய பிளைவுட்டால் மூடியிருந்தன. நான்கு மூலையிலும் கனமான கல். தூக்கினோம்.

நான் அதற்கு முன்னால் இப்படி ஒன்றை இவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை. பாறையிலேயே குடைந்த சின்னச் சின்னக் குழிகள், வரிசை வரிசையாக. ஒன்றில் கறுப்பு எரிமலைக் கூழாங்கல், அடுத்ததில் வெள்ளைப் பவளம், மறுபடி கறுப்பு. சாயும் வெயிலில் அந்த வெள்ளையெல்லாம் உள்ளிருந்து எரிகிற மாதிரி இருந்தது. பகலிலேயே நிலா என்று பெயர் வைக்கத் தோன்றும்போல. தூரத்து ஊர்களின் கதைகளையே படித்து வளர்ந்தவன் நான். சொந்த ஊர் காலடியிலேயே கிடந்திருக்கிறது. ஒரு நிமிஷம் இங்கே ஒருவர் செத்துப்போனதையே மறந்துவிட்டேன்.

“எத்தனை குழி காலியா இருக்கு?” என்றார் ஆன்ட்டி.

“நடுவுல ரெண்டு. ஒரு கறுப்பு, ஒரு வெள்ளை. ஹால்வர்சன் சொன்ன மாதிரியே.”

“நல்லா பாரு.”

நல்லாப் பார்த்தேன். வலது ஓரத்து வரிசையில், மூலையிலிருந்து மூன்றாவது. அதுவும் காலி. வெள்ளை இருக்க வேண்டிய குழி.

“அந்தக் கல்லு இப்ப போலீஸ்கிட்ட இருக்கு,” என்றேன். “செத்தவர் கையில இருந்தது. அதாலதான் எழுதியிருக்காரு.”

“இந்த ஆட்டத்துல ஆரம்பத்துல ஆளுக்கு ஒரு கல்லு எடுப்பாங்க. நடுவுலேர்ந்தோ மூலையிலேர்ந்தோ. அப்புறம் தாண்டி வெட்டினாதான் எடுக்க முடியும். ஓரத்துல மூணாவது கல்லை இப்படி எடுக்க எந்தச் சட்டத்துலேயும் வழியே இல்ல. எண்பத்தொரு வயசு வரைக்கும் விளையாடினவன், உயிர் போகும்போதுகூட பலகையைக் கலைப்பானா? அவன் கை கிடந்த இடத்துக்குப் பக்கத்துல பாரு.”

பார்த்தேன். அலை ஒதுக்கிய பவளத் துண்டுகள் பாறை இடுக்கில் கைப்பிடி கைப்பிடியாகக் கிடந்தன. எழுதுவதற்கு ஒன்றைப் பொறுக்க யாரும் பலகையைத் தொட வேண்டியதில்லை.

“அப்படின்னா எழுதினது அவர் இல்ல.”

“விளையாடத் தெரிஞ்ச யாருமே இல்ல. ஹால்வர்சனும் இல்ல. இப்ப எழுத்தைப் பாரு.”

எம். யு. போட்டோவில் பார்த்ததுதான். போட்டோவில் போலீஸ்காரனின் கட்டைவிரல் மறைத்த இடத்தில், யுவின் தலைக்கு மேலே, ஒரு விரல் நீளத்துக்கு வெள்ளையாக ஒரு கோடு.

“கீறலா?”

“கோடு. குறிலை நெடிலாக்கற கோடு. அது இருந்தாதான் மூ. இல்லேன்னா எழுத்துப்படி அது மு.”

“சரியாத்தானே எழுதியிருக்கு?”

“அதாண்டா தப்பு.” ஆன்ட்டி படகைக் காட்டினார். “மாலமாவுல முதல் எழுத்து நெடில். கோடு எங்க? கோனானேயில நெடில். அந்தப் பலகையில கோடு எங்க? நான் இருபது வருஷம் படிச்ச பத்திரத்துல ஒண்ணுலகூடக் கோடு கிடையாது. அந்தக் காலத்து ஆளுங்க யாரும் போடமாட்டாங்க. அம்மா மடியில மொழி கத்துக்கிட்டவனுக்கு நெடில் வாயிலேயே இருக்கு, தலையில கோடு எதுக்கு? பள்ளிக்கூடத்துல கத்துக்கிட்டவங்கதான் ஒரு கோடு விடாம போடுவாங்க.”

நான் விரல் விட்டு எண்ணினேன். “வெண்டெலுக்கு ஹவாயி எழுதவே வராது. கோடு போடறவங்க ரெண்டு பேருதான். ஹால்வர்சன். ஆனா அவருக்கு ஆட்டம் தெரியும், தன்னையே காட்டிக் குடுக்கற வார்த்தையை அவர் ஏன் எழுதணும்?”

“ரெண்டாவது ஆளு?”

சட்டைப் பையிலிருந்து நோஹேயாவின் சீட்டை எடுத்து நீட்டினேன். வாய் நீளம் என்று பெயர் வாங்கிய என் வம்சத்தில் அன்று நான் ஒரு விதிவிலக்கு.

ஆன்ட்டி எனக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார். “எவ்வளவு நேரமா நிக்கறே நோஹேயா?”

அவள் எங்கள் வண்டியைத் தொடர்ந்து வந்திருக்கிறாள். ஒட்டுப்பலகைக்குப் பக்கத்தில், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். படகிலிருந்து வெண்டெல் கத்தினான். “அங்கேயே நில்லுடி! இன்னும் ஒரு அடி எடுத்து வச்சே, காலை உடைப்பேன்!”

அவள் நின்றாள். ஆறடி தூரம். அலைச் சத்தத்தில் அவள் குரல் எங்களுக்கு மட்டும் கேட்டது.

“நான் கொல்லல ஆன்ட்டி.”

“தெரியும். கொன்ன கை பதறும், இப்படி ஒரு கோடு விடாம எழுதாது.”

“நாலு மணிக்கு வந்தேன். கருவாடு வாங்கிட்டுப் போகச் சொல்லியிருந்தாரு. வந்து பாத்தா விழுந்து கிடந்தாரு. மூச்சே இல்ல. கடல்ல அவனோட தொப்பி மிதந்துட்டு இருந்தது.” அவள் செருப்பை மார்போடு அணைத்துக்கொண்டாள். “அவன்தான். எனக்குத் தெரியும். மூணு வருஷமா வந்து வந்து எங்கப்பா வாயிலேர்ந்து ஒவ்வொரு வார்த்தையா பிடுங்கிட்டுப் போனான். அதுக்கு அர்த்தம் என்னன்னு நமக்கே திருப்பிச் சொல்லுவான். சாட்சி இல்ல. போலீஸ் அவனை ஒண்ணும் பண்ண மாட்டாங்க. எங்கப்பா சொல்ற மாதிரி ஒரு வார்த்தை எழுதினேன். ஒரே ஒரு வார்த்தை. ஆட்டத்தோட பேரு. யாரு பாத்தாலும் அவன்தான்னு புரியும்னு நினைச்சேன்.”

“உன் வார்த்தைக்கு அஞ்சு அர்த்தம் இருக்கறதை மறந்துட்டே.”

“எங்கப்பா ஆர்னெலைக் கூப்பிடறது எனக்கு ஞாபகமே வரல ஆன்ட்டி!” அவள் உடைந்தாள். “காதுல விழுந்து விழுந்து அது எனக்கு வார்த்தையாவே தெரியல. எம்புருஷனை நானே கொண்டுபோய் உள்ளே தள்ளிட்டேன்.”

படகில் வெண்டெல் எழுந்து நின்றான். பத்து நிமிஷம் முடிந்திருக்க வேண்டும்.

“உங்கப்பா தானாவே விழுந்திருக்கலாம்,” என்றார் ஆன்ட்டி. “கோபத்துல எழுந்தவரு. வயசு எண்பத்தொண்ணு. ஈரப் பாறை.”

“அவன் தள்ளியும் இருக்கலாம்.”

“இருக்கலாம். எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. நீதான் எழுதினேன்னு போலீஸ்ல சொல்லு. இந்த வார்த்தை செல்லாமப் போகும். ஆர்னெல் வெளியே வருவான்.”

“நான் உள்ளே போவேன். பொய் சாட்சி. பள்ளிக்கூடத்துல மறுபடி கால் வைக்க முடியுமா? அவன் மினசோட்டாவுக்குப் போய் எங்கப்பாவைப் பத்திப் புத்தகம் போடுவான்.” அவள் கண் பாறையிலிருந்து நகரவில்லை. “நாளைக்குப் பண்டிதர் வந்து மூன்னா ஆட்டம்னு சொன்னாலும் ஆர்னெல் வெளியே வருவாரு இல்ல?”

“கோடு இல்லாம இருந்தா உங்கப்பா எழுதினதுன்னு நம்புவாரு,” என்றேன் நான். சொல்லியிருக்கக் கூடாது. என் வாய் பழைய வேலைக்குத் திரும்பியிருந்தது.

நோஹேயா என்னைப் பார்த்தாள். பிறகு ஆன்ட்டியின் கையை. ஆன்ட்டி மண்டியிட்டிருந்தார். பிளைவுட்டைத் திரும்ப வைக்கக் குனிந்ததில் வலது கை பாறையில் ஊன்றியிருந்தது. அந்த வெள்ளைக் கோட்டுக்கும் அவர் கட்டைவிரலுக்கும் நடுவே ஒரு கூழாங்கல் அளவு தூரம். கடல் ஈரத்தில் விரல் மினுங்கியது. போலீஸ் படத்தில் அந்தக் கோடு இல்லை. வெண்டெலுக்கு அது வெறும் கீறல். இந்த உலகத்தில் அது கோடு என்று தெரிந்தவர்கள் நாங்கள் மூன்று பேர் மட்டும்.

வெண்டெல் படகிலிருந்து குதித்தான். எரிமலைச் சரளையில் அவன் பூட்ஸ் நொறுநொறுவென்று நெருங்கியது.

“நேரமாச்சு! மூடு அதை!”

நோஹேயா அவன் பக்கம் திரும்பவில்லை. உதடு அசையாமல், வகுப்பில் கடைசி பெஞ்சுப் பிள்ளையிடம் பேசுகிற மாதிரி, மெதுவாகச் சொன்னாள்.

“அந்த ஒரு கோட்டை மட்டும் அழிச்சிடுங்க ஆன்ட்டி.”